ஜெயசிங் ராவிய ஃப்ரெட்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கர்த்தர் அருளிய பெருங்கொடைகள் மூன்று. முதலாவது, மூன்று கடலும் கூடுகிற இடம். அடுத்தது, பத்மநாபபுரத்து மர அரண்மனை. மூன்றாவது, ஜெயசிங்கின் கிதார் வாசிப்பு. முதல் இரண்டையும் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாவதைப் பற்றி ஜெயசிங்கே சொல்லிக்கொள்வார்.

தக்கலையில் ஓர் அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கலைஞர். பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளியே இருந்த அவர்கள் சபையின் ஆலயத்தில், பாடகர் குழுவுக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்ட அன்று, அவர் எழுந்திருக்கும்வரை ஆராதனை தொடங்கவில்லை. கையில் இருப்பது ஸ்பெயின் கிதார் என்பார். அதன் வயிற்றுக்குள் ஒட்டியிருந்த சீட்டில் வேறொரு நாட்டின் பெயர் இருந்ததால், அதன்மேல் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார். கிதாரை எந்த இடத்தில் தொட்டாலும் லேசாக இரையும். கேட்டால், அது ஸ்பெயின் பாணி.

சபையில் கிதார் தெரிந்த வேறு ஆள் இல்லாமலில்லை. என்ஜினீயரிங் முடித்துவிட்டு நாகர்கோவிலில் வேலை பார்க்கும் ஜெபிஷ் நன்றாகவே வாசிப்பான். "கை இன்னும் பதம் வரல்ல மக்கா. சங்கீதம்னா பொறுமையாக்கும்" என்று ஜெயசிங் அவனுக்கு நாலு வருஷமாகப் பொறுமையை மட்டும் கற்பித்து வந்தார்.

பாட்டுப் பயிற்சி முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கும்போது அவர் ஒரு பிரசங்கம் செய்வார். "கிதாரு வாங்கத் தெரிஞ்சா போதாது. ஃப்ரெட்டு லெவல் பண்ணத் தெரியணும். இந்த ஜில்லாவுல அது தெரிஞ்ச ஆளு எத்தன பேருன்னு நினைக்கிய?" என்று கேட்டுவிட்டுத் தேநீரை ஒரு மிடறு குடித்து, பதில் தானே தெரியட்டும் என்று சும்மா இருப்பார். கிதாரின் கழுத்தில் ஏணிப்படிபோல வரிசையாகக் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்றுகள்தான் ஃப்ரெட். எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி உரசிக் கிர்ரென்று இரையும். இதை ராவிச் சமப்படுத்துவது பெரிய வேலை. அப்படியொரு கிதாரை யாரும் தன்னிடம் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை என்ற தைரியத்தில் ஜெயசிங் அந்த வித்தையில் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தார்.

அப்போதுதான் எபிசன் கத்தாரிலிருந்து வந்தான்.

எபிசன், ஜெயசிங்கின் மனைவி ஷைஜாவுக்குத் தம்பி. கத்தாரில் அலுமினியக் கதவும் ஜன்னலும் செய்தவன். ஊருக்கு வந்தவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு மழையில் சாய்ந்து விறகுப்புரையில் காய்ந்து கிடந்த வீட்டுப் பலாத்தடியை அறுத்து, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, இரண்டைச் செய்து உடைத்து, மூன்றாவதை ஒரு கிதாராக்கிவிட்டான். அடக்கமான ஆள் என்று அவனைத் தவறாக நினைத்துவிடக் கூடாது. கிதாரின் தலையில் 'எபிசன் அண்ட் சன்ஸ்' என்று சூட்டுக்கோலால் பொறித்திருந்தான். அவனுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள்.

"இது ஹேண்ட்மேடாக்கும் அத்தான். ஜப்பான்காரன் பாத்தா கைகூப்புவான்" என்று முதல் நாளே ஜெயசிங்கிடம் சொன்னான்.

"கொள்ளாம்" என்றார் ஜெயசிங். தக்கலை பஸ்ஸில் இடம் கிடைத்தால்கூட அதைவிடச் சந்தோஷமாகச் சொல்வார்.

பிறகு எபிசன் ஆறு கம்பிகளையும் ஒருமுறை சும்மா தடவிவிட்டான். சத்தம் திண்ணென்று எழுந்து, கூடத்தைச் சுற்றி வந்து, ஜெயசிங்கின் வயிற்றில் இறங்கியது. பச்சை மரச்சீனிக் கிழங்கைத் தின்றவர்போல அவர் நாற்காலியில் நெளிந்தார். ஸ்பெயின் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை.

அந்த வாரமே சபையில் பாதிப்பேர் எபிசன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பாடகர் குழுவில் மேல் ஸ்தாயி பாடுகிற ஞானபாய், வயதில் மூத்தவர், நாக்கை அடக்கி வைக்கிற வழக்கம் இல்லாதவர், ஜெயசிங்கின் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "என்ன சத்தம் ஜெயசிங்கு! வரிக்கப்பலாச் சுளை மாதிரில்லா இருக்கு. உனக்க கிதாரு தொண்ட கட்டின மாதிரி ஒரு பேச்சுதான?"

"அது ஸ்பெயின் பாணி அக்கா."

"அங்கயும் சளி பிடிக்கும் போல."

ஜெயசிங் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் ஷைஜா வைத்த மீன்குழம்பில் உப்பு இல்லை என்றார். உப்பு இருந்தது.

எபிசன் அதோடு நிற்கவில்லை. தான் செய்த முதல் கிதாரை அறுப்பின் பண்டிகைக்கு முதற்பலனாகக் காணிக்கை கொடுக்கப்போவதாக அறிவித்தான். அந்த ஊரில் முதல் வாழைக்குலை, முதல் தேங்காய், கோழி இட்ட முதல் முட்டை எல்லாம் பண்டிகையன்று ஆலயத்துக்கு வரும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் போடுவார்கள். ஆகாத இரண்டு குடும்பங்கள் எதிரெதிரே நின்றால் ஒரு முட்டை ஒரு கோழிப்பண்ணை விலைக்குப் போகும். ஆனால் இதுவரை யாரும் கிதாரை முதற்பலனாகக் கொண்டுவந்ததில்லை. போதகர் மனம் உருகிப் பிரசங்கத்திலேயே அதைக் குறிப்பிட்டார். "நமது சபையில் ஓர் இசைக்கலைஞர்" என்று அவர் தொடங்கியபோது ஜெயசிங் மெல்லத் தலைகுனிந்து அடக்கத்தைக் காட்டினார். "தம்பி எபிசன்" என்று போதகர் முடித்தார். குனிந்த தலையை உடனே நிமிர்த்துவது எப்படி என்று தெரியாமல் ஜெயசிங் பாட்டுப்புத்தகத்தில் எதையோ தேடினார்.

அந்தக் கிதாரை ஏலத்தில் யார் எடுத்தாலும் அதைப் பாடகர் குழுவில் கொண்டுவந்து வாசிப்பான். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் ஸ்பெயினை வைத்துக்கொண்டு தான் உட்கார முடியாது. மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலி போய்விடும். ஜெயசிங்குக்கு இது கணக்குப்போலத் தெளிவாகத் தெரிந்தது. கர்த்தரிடம் முறையிடவும் முடியவில்லை. காணிக்கை அவருக்குத்தானே வருகிறது.

பண்டிகைக்கு முந்தின வாரம் எபிசன் கிதாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அத்தான், சத்தம் எல்லாம் ஓகே. ஆனா அஞ்சாவது ஃப்ரெட்டுல விரல வச்சா மட்டும் ஒரு கிர்ரு. உள்ள வண்டு கெடக்கிய மாதிரி. நீங்கதான ஃப்ரெட்டு லெவல் பண்ணத் தெரிஞ்ச ஆளு?"

"நேரம் வேண்டாமாடே? ஆபீஸுல ஆடிட்டு" என்றார் ஜெயசிங்.

"அவியளுக்கு இது அஞ்சு நிமிச சோலி" என்றாள் ஷைஜா. "எத்தன வருசமாச் சொல்லுதாவ! இதுவரைக்கும் ஒருத்தனும் கொண்டு குடுக்காதது அவியளுக்க கொறையா?"

ஜெயசிங் மனைவியைப் பார்த்தார். கேலியா, பெருமையா என்று கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பிடிபடாத ஒரு முகத்தை அவள் வைத்திருந்தாள். மறுக்க வாயைத் திறந்தார். திறந்த வாயில் வேறொரு யோசனை வந்து உட்கார்ந்தது.

"வச்சிட்டுப் போ" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் கார் ஷெட்டில் மேஜையைப் போட்டார். கார் வெளியே மழையில் நின்றது. மேஜைமேல் போர்வை விரித்து, கம்பிகளைக் கழற்றி, கிதாரைக் கிடத்தினார். நீள அரம், சின்ன முக்கோண அரம், உப்புத்தாள், ஒட்டு டேப், கறுப்பு மார்க்கர் எல்லாம் எபிசன் கொடுத்துவிட்டுப் போனவை. ஃப்ரெட்டுகளின் மட்டத்தைச் சோதிக்க, காலாவதியான தன் கத்தார் அடையாள அட்டையையும் கொடுத்திருந்தான்; அதன் ஓரம் அளவுகோலைவிட நேராக இருக்குமாம். ஜெயசிங் தன் பங்குக்குப் போட்டது அறிவு. அது ஒரு வீடியோவின் முதல் பாதி.

வேலையைத் தொடங்குமுன் ஜெபிப்பது அவர் வழக்கம். கண்ணை மூடினார். இந்த வேலைக்கு எப்படி ஜெபிப்பது என்று தெரியாததால் கண்ணைத் திறந்து அரத்தை எடுத்தார்.

வீடியோவில் பார்த்தபடி ஃப்ரெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தில் டேப் ஒட்டினார். ஒவ்வொரு ஃப்ரெட்டின் தலையிலும் மார்க்கரால் கறுப்பு பூசினார். நீள அரத்தை எல்லாவற்றின் மேலும் படும்படி வைத்து லேசாக ஒரு இழுப்பு இழுத்தார். குனிந்து பார்த்தார். மற்றதெல்லாம் கறுப்பாகவே இருக்க, ஆறாவது ஃப்ரெட்டின் தலை மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தது.

எல்லோரும் அடங்கிக் கிடக்கும்போது ஒருத்தன் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். ஜெயசிங்குக்கு உடனே மச்சினன் முகம் ஞாபகம் வந்தது.

அவர் தர்க்கம் எளிமையானது. இரைவது ஐந்து, எனவே நோயாளி ஐந்து. ஆறு நல்ல ஆரோக்கியமான ஃப்ரெட், அதனால்தான் இப்படி நிமிர்ந்து நிற்கிறது. நோயாளியைத் தொடாமல் விட்டுவிட்டு ஆரோக்கியவானின் தலையை ராவி எடுத்தால் அதுவும் படுத்துவிடும். ஒரு வண்டு கிடந்த இடத்தில் இரண்டு வண்டு. வீட்டில் செய்த சாமான், அப்படித்தான் இருக்கும் என்று ஊர் சொல்லும். இதை அவர் துரோகமாக நினைக்கவில்லை. சபையில் சங்கீதத்தின் தரத்தைக் காப்பாற்ற யாராவது ஒருவர் முன்வரத்தானே வேண்டும்?

ஆறாவது ஃப்ரெட்டில் அரம் விழுந்தது. கீச், கீச் என்று மழையோடு சேர்ந்து ஒரு சத்தம். அந்த இரண்டு அங்குல உலோகத்தில், சுளைபோன்ற சத்தத்தை ராவினார், ஞானபாயின் சளியை ராவினார், "தம்பி எபிசன்" என்று முடிந்த பிரசங்கத்தை நன்றாக அழுத்தி ராவினார். பல நாளாக இல்லாத ஒரு சுகம் தோள்பட்டையில் பரவியது.

ஷைஜா ஏத்தன்வாழைக்காய் சிப்ஸும் தேநீரும் கொண்டு வந்தாள். "என்னங்க, ஒரே எடத்தப் போட்டு இந்த ராவு ராவுதிய?"

"ஏட்டி, சொன்னா உனக்கு மனசிலாவுமா? நோய் ஒரு எடத்துல இருக்கும், மருந்து வேற எடத்துல வைக்கணும்."

"எனக்க தம்பி ஆசையாச் செஞ்ச சாமானாக்கும். பைய."

"உனக்க தம்பி செஞ்சதுன்னுதாண்டி இவ்வளவு கவனம்" என்றார் ஜெயசிங். அன்று அவர் பேசியதில் கலப்படமில்லாத வாக்கியம் இது.

அவள் போனதும் பயம் வந்தது. எபிசன் அலுமினியக்காரன்; நூலளவு ஏறி இறங்கினாலும் அவன் கண் பிடித்துவிடும். ஜெயசிங் கத்தார் அட்டையின் ஓரத்தை ஐந்து, ஆறு, ஏழு மூன்றின் மேலும் நிறுத்திப் பார்த்தார். ஆறு முட்டி அட்டை இப்படியும் அப்படியும் ஆடியது. மேலும் கொஞ்சம் ராவினார். ஆட்டம் குறைந்தது. இன்னும் கொஞ்சம். அட்டை ஆடாமல் மூன்றின் மேலும் படிந்து நின்றது. இதற்குமேல் ராவினால் பள்ளம் தெரியும், மாட்டிக்கொள்வோம். போதும், அதன் தலைக்கனம் போயிற்று, இனிச் சத்தமும் போய்விடும் என்று நிறுத்திக்கொண்டார்.

ஆனால் ராவிய தலை தட்டையாக, மேஜைபோல, காட்டிக்கொடுத்தபடி மினுங்கியது. முக்கோண அரத்தால் இரண்டு ஓரத்தையும் தேய்த்துத் தேய்த்து மற்றவற்றைப்போலவே உருட்டினார். அரத்தின் கீறல்கள் தெரிந்தன. உப்புத்தாளால் தேய்த்து அவற்றைப் போக்கினார். இப்போது ஆறாவது மட்டும் தனியாகப் பளபளத்தது. அதுவும் சந்தேகத்துக்கு இடம். எனவே தன் பரிசுக் கோப்பைகளுக்குப் போடும் பாலிஷை எடுத்துவந்து எல்லா ஃப்ரெட்டுகளையும் ஒன்றுவிடாமல் துடைத்து ஏற்றினார். கெடுக்க ஆன நேரத்தைவிட மறைக்க ஆன நேரம் அதிகம். முதுகு கழன்றுவிட்டது. அலுவலகத்தில் ஒரு கோப்புக்குக்கூட அவர் இப்படி உழைத்ததில்லை.

சாயங்காலம் எபிசன் வந்தான். ஜெயசிங் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாரு மக்கா, பலாமரம், ஈரம் இழுக்கும், நம்ம கையில என்ன இருக்கு…" என்று தயாராக வைத்திருந்த ஆறுதலைத் தொடங்கினார்.

எபிசன் கம்பிகளை ஏற்றிச் சுருதி சேர்த்து ஐந்தாவது ஃப்ரெட்டில் விரலை வைத்து மீட்டினான். வண்டைக் காணோம். ஆறு, ஏழு, எட்டு என்று ஏறினான். மணியடித்ததுபோல ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுத்தமாக எழுந்தது. முன்பு இருந்ததைவிட நன்றாக இருந்தது. எபிசன் கிதாரைக் கண்மட்டத்துக்கு உயர்த்திக் கழுத்து வழியாக ஒருமுறை பார்த்தான். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு அத்தானைக் கட்டிப்பிடித்தான்.

"அத்தான்! நான் அஞ்சு அஞ்சுன்னு அஞ்சையே நோண்டிட்டிருந்தேன். அஞ்சுல அழுத்தும்போது கம்பி போய் முட்டுதது ஆறுலயாக்கும்! ஆறுதான் பொங்கி நின்னுருக்கு! உங்களுக்கு மட்டும் எப்படி மனசிலாச்சு?"

"அனுபவம்" என்றார் ஜெயசிங்.

"ராவினதும் தெரியல்ல, உருட்டினதும் தெரியல்ல. என்னா பாலிஷு! நீங்க மனுசனே இல்ல அத்தான்."

ஷைஜா அன்றே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டாள். ஊரே பாராட்டியது. ஒருவர் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, இதையும் ஒரு பார்வை பாருங்கள் என்றார். பொறாமை என்பது ஒரு மூலையில் உட்கார்ந்து தனியாக அனுபவிக்க வேண்டியது; ஜெயசிங்குக்கு அந்த மூலைகூடக் கிடைக்கவில்லை. எதைப் பார்த்து வயிறு எரிகிறதோ அதற்கே மாலை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ராத்திரி ஸ்பெயினை எடுத்து ஒருமுறை தட்டினார். அது கிர்ரென்றது.

பண்டிகை ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்து முற்றத்துப் பந்தலில் ஏலம். சபைச் செயலாளர் யேசுரத்தினம் மைக்கைப் பிடித்தார். குலைகள் போயின, சேனைக்கிழங்கு போயிற்று, ஒரு சேவல் கட்டை அவிழ்த்துக்கொண்டு போதகரின் காலடியில் போய் நின்று கூவி, நல்ல விலைக்குப் போயிற்று.

"அடுத்தது, நம்ம எபிசன் செஞ்சு, நம்ம ஜெயசிங் ஃப்ரெட்டு ராவின கிதாரு!" என்றார் யேசுரத்தினம். "ராவின கைய எல்லாரும் பாத்துக்கிடுங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். ஜெயசிங் கையைச் சட்டைப்பையில் வைக்கப் பார்த்தார்; அந்தச் சட்டையில் பை மேலே இருந்தது.

முதல் ஆளாக ஜெபிஷ் கேட்டான். அவனுக்குச் சம்பளம் வந்திருந்தது. முகத்தில் அது தெரிந்தது. ஜெயசிங்குக்குக் கண்முன்னால் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் ஜெபிஷ் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தன்னையறியாமல் அவனுக்கு மேலே ஒரு விலை சொன்னார். ஜெபிஷ் ஏற்றினான். இவரும் ஏற்றினார். கூட்டம் மாறி மாறித் திரும்பியது.

"ஓய், ஜெயசிங்கு, கிதாரு ஒண்ணுதான் ஓய். சபைக்கட்டடத்தையும் சேத்தா கேக்குதீரு?" என்று யேசுரத்தினம் மைக்கிலேயே சொன்னார். பெண்கள் பக்கமிருந்து ஷைஜா ஒரு பார்வை பார்த்தாள். இந்தமுறை அவள் முகம் அவருக்கு நன்றாகவே புரிந்தது. ஆனாலும் இன்னொரு ஏற்று ஏற்றினார். ஜெபிஷ் கையை விரித்துச் சிரித்துவிட்டு ஒதுங்கினான்.

"கர்த்தருக்காக!" என்று ஜெயசிங் உரக்கச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. போதகருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கிதாரை வீட்டுக்குக் கொண்டுபோய், உறையில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில், கல்யாணப் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் வைத்துவிடுவது; யாரும் எடுக்கமுடியாது; பூச்சி அரித்தால் அரிக்கட்டும். ஜெயசிங்கின் மனசில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு குளிர்ச்சி.

"எங்க ஓய் போறீரு?" என்றார் யேசுரத்தினம். "ஏலத்துல எடுத்தத இங்கயே பங்கு வைக்காம கொண்டு போகப்பிடாது. சக்கப்பழம் எடுத்தவன் வெட்டிக் குடுக்கல்லியா? கேக்கு எடுத்தவன் முறிச்சுக் குடுக்கல்லியா? நீரு வாசிச்சுக் குடும்."

அது வழக்கம்தான். தப்ப வழியில்லை. "ஆர்கன் உள்ள இருக்கு, சேர்ந்து வாசிச்சாத்தான்…" என்று ஜெயசிங் இழுத்தார்.

"அதெல்லாம் எதுக்கு? ஒத்தைக்குக் கேட்டாத்தான் ராவினதுக்க அழகு தெரியும்" என்றான் எபிசன். ஒரு நாற்காலி வந்தது. மைக்கைக் கிதாரின் வாய்க்கு நேராக வைத்தார்கள். சேவல்கூட அடங்கிவிட்டது.

ஞானபாய் தனக்கு வசதியான சுருதியில் துதிப்பாட்டை எடுத்தார். "எஃப்-ல இருக்கு அண்ணே" என்று பக்கத்திலிருந்து ஜெபிஷ் உதவியாகச் சொன்னான்.

ஜெயசிங் விரல்களை வைத்து மீட்டினார். இரண்டு கம்பிகள் மணிபோல ஒலித்தன. மீதி நான்கும் கட்டையில் கரண்டியால் தட்டியதுபோல டொக், டொக் என்றன. மறைக்க எந்தக் கிர்ரும் இல்லை, எந்த ஆர்கனும் இல்லை. ஒவ்வொரு டொக்கும் பந்தலின் கடைசி வரிசைவரை சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது. ஞானபாய் முதல் அடியிலேயே நிறுத்தினார். ஜெயசிங் இன்னொருமுறை வைத்தார். டொக்.

"ஃப்ரெட்டு சரியில்ல" என்றார் ஜெயசிங்.



"நீருதான ஓய் ராவினது?" என்றார் யேசுரத்தினம்.

எபிசன் பதறிப்போய் கிதாரை வாங்கினான். ஃப்ரெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு ஜெபிஷிடம் கொடுத்தான். ஜெபிஷ் நின்றபடியே அதே இடத்தில் விரலை வைத்து மீட்டினான். ஆறு கம்பியும் ஒலித்தன. ஞானபாய் விட்ட அடியிலிருந்து பாட்டை எடுத்தார், எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள், ஜெயசிங்கும் பாடினார்.

எஃப் சுருதிக்கு முதலில் வேண்டிய விரல்பிடியான எஃப் கார்டு என்பது சுட்டுவிரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்துவது. கிதார் படிக்கிற பிள்ளைகள் இரண்டாம் மாசத்தில் அதைப் படித்துவிடும். ஜெயசிங்குக்கு அது வராது.